நீல ஈட்டியும் நைனாவின் பாடும்

காவேரியிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. பேசிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் இப்போது வேறு இடத்தில் மீன் வாங்குகிறார்கள். மந்தைவெளி மார்க்கெட்டுக்கு வெளியே தெருமுனையில் பதினேழு வருஷமாக அவளுக்கு ஓர் இடம். இரண்டு தெர்மாகோல் பெட்டி, ஒரு வெட்டுக்கட்டை, ஒரு அரிவாள்மணை, தலைக்கு மேல் கிழிந்த தார்ப்பாய். வயது முப்பத்தெட்டு. சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து "நேத்து மீனா?" என்று கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

"இன்னா சார், நேத்து மீனு வேணும்னா நேத்தே வந்துருக்கணும். இன்னிக்கு இன்னிக்கு மீனுதான் கீது."

கோபக்காரி என்று பேர். அந்தக் கோபத்தில் பாதி தொழிலுக்காக வைத்திருப்பது. கடையைக் கட்டும்போது அரிவாள்மணையோடு அதையும் மடக்கி வைத்துவிட்டுப் போவாள். நிஜமான கோபம் ஒன்று தனியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அது உள்ளேயே கிடந்தது. அது வெளியே வர ஒரு செல்போன் விளையாட்டு வேண்டியிருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுடைய மீனவக் குப்பத்திலேயே இன்னும் பாதிப் பேர் நம்பவில்லை.

விளையாட்டு அவளிடம் வந்த வழி இப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போன் ஐஸ் தண்ணீரில் விழுந்து கண்ணாடி செத்துப்போனது. தி.நகரில் ஒரு சந்துக்குள் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த இனாயத்திடம் எடுத்துப் போனாள். திருவல்லிக்கேணிப் பையன், முப்பது வயது, பொறுமைசாலி. புதுக் கண்ணாடி எல்லா மூலையிலும் வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினான். கையில் கத்தியோடு ஒரு பெண் கோட்டைக்குள் ஓடினாள், எதிரே வந்த பூதங்களை வெட்டினாள். காவேரி கடை வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்று வெட்டினாள். விளையாட்டின் பேர் இங்கிலீஷில் நீளமாக ஏதோ. அவளுக்கு அது கோட்டை, அவ்வளவுதான்.

மதியம் பன்னிரண்டுக்கு மேல் மீன்கடைப் பக்கம் ஈயைத் தவிர யாரும் வரமாட்டார்கள். மிச்ச மீனை ஐஸில் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதற்கென்றே வைத்திருந்த காய்ந்த துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். ஈரக்கை பட்டால் கண்ணாடி வேலை செய்யாது. இரண்டரை மணி வரைக்கும் கோட்டைதான். இனாயத் கடையிலிருந்து சேர்ந்துகொள்வான். மூன்றாவது ஆள் டில்லிபாபு, அவளுடைய சித்தப்பா மகன். பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. அடையாறில் ஏதாவது ஹோட்டல் வாசலில் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது விளையாடுவான்.

கோட்டையில் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நீல ஈட்டி. ஐந்தாவது கோட்டையின் கடைசி அறையில் ஒரு ராட்சதப் பூதம் உட்கார்ந்திருக்கும். அதைக் கொன்றால் சாமான்கள் சிதறும். பெரும்பாலும் செம்புக்காசு, ஓட்டைக் கேடயம், துருப்பிடித்த கத்தி. எண்ணூறு தடவைக்கு ஒரு தடவை ஈட்டி விழும் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த அறைக்குப் போய்ச் சேரவே பத்து நிமிஷம். விளையாடுகிற ஜனமெல்லாம் முழுக் கோட்டையையும் அடித்துக்கொண்டு போய், பூதத்தைக் கொன்று, ஓட்டைக் கேடயத்தோடு திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

காவேரிக்கு இதைப் பார்த்ததும் எரிச்சல். "இன்னா பைத்தியக்காரத்தனம் இது? ஒத்த மீனுக்கு முழுக் கடலையும் அரிச்சிக்கினு போவியா?"

அவள் தெர்மாகோல் மூடியில் கரிக்கோடு போட ஆரம்பித்தாள். எங்கே எதை அடித்தால் என்ன விழுகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது. அந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் கூவினால் எந்த மீன் போகும் என்று சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவது முற்றத்தில் கிணற்றுப் பக்கம் நாலு காவல்காரர்கள் நிற்பார்கள். எல்லோரும் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுவார்கள். பூதத்திடம் விழுகிற அதே சாமான்கள்தான் அவர்களிடமும் விழுந்தன. கொஞ்சம் அரிதாக விழும், ஆனால் விழும். நாலு பேரையும் முடிக்க ஒன்றரை நிமிஷம். முடித்துவிட்டுக் கிணற்றில் குதித்தால் நேராகக் கோட்டை வாசல். திரும்பி உள்ளே போனால் நாலு பேரும் புதிதாக நிற்பார்கள். ஊர் உலகம் ஒரு பூதத்தை அடிக்கிற நேரத்தில் இவர்கள் இருபத்தெட்டுக் காவல்காரர்களை அடித்தார்கள்.

இரண்டாவதாக ஒன்று கண்டுபிடித்தாள். கடைசி அடி யாருடையதோ அவருடைய அதிர்ஷ்டம்தான் கணக்கில் சேரும். அதிர்ஷ்ட மோதிரம், அதிர்ஷ்டத் தாயத்து என்று விளையாட்டில் நிறைய உண்டு. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டால் உடம்பில் பலமே இருக்காது, ஒரு அடி பட்டால் செத்துவிடுவோம். அதனால் ஒருத்தர் எல்லா அதிர்ஷ்டத்தையும் மாட்டிக்கொண்டு கிணற்றோரம் நிற்கவேண்டும். மற்ற இரண்டு பேரும் காவல்காரனை அடித்து அடித்து, உயிர் நூல் மாதிரித் தொங்கும்போது ஒதுங்கவேண்டும். நிற்பவர் வந்து ஒரே குத்து. கீழே விழுகிற குப்பையில் எதையும் பொறுக்கக் கூடாது. பொறுக்கினால் நேரம் போகும், பையும் நிறையும். டில்லிக்கு மட்டும் இந்தப் புத்தி கடைசிவரை வரவில்லை. செம்புக்காசைப் பார்த்தால் குனிந்துவிடுவான்.

கிணற்றோரம் யார் நிற்பது? இதற்குக் காவேரி யோசிக்கவே இல்லை. ஆளுக்கு ஒரு நாள் என்றாள். அவரவர் நாளில் விழுவது அவரவருக்கு. குப்பத்தில் பிறந்தவளுக்கு வேறு என்ன முறை தெரியும்?

பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, ஆறு கடலில் சேருகிற இடத்தில், இறால் வலை கட்டுவதற்குச் சேற்றில் கம்பு நட்டிருக்கும். மூன்றே மூன்று இடம். குப்பத்தில் நாற்பத்திரண்டு குடும்பம். ஆகவே பதினாலு நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வரும். அதைப் பாடு என்பார்கள். காகிதத்தில் எழுதுவதில்லை. அமாவாசைக்கு அமாவாசை தலைவர் வாயால் சொல்லுவார். அடுத்தவன் பாட்டில் வலை கட்டுகிறவன் குப்பத்தில் இருக்கமுடியாது.

காவேரியின் நைனா ஏகாம்பரத்துக்கும் பாடு இருந்தது. நைனா வலை கட்டும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் காவேரி. அவளுக்குப் பதினாறு வயதில் மஞ்சள்காமாலை வந்து நைனா போய்விட்டார். ஆண்பிள்ளை இல்லை. பஞ்சாயத்து கூடி, ஏகாம்பரத்தின் பாட்டையும் அவர் தம்பிக்கே, டில்லியின் அப்பாவுக்கே, கொடுத்துவிட்டது. அம்மா அழுதபோது அன்றைய தலைவர் ஆறுதல் சொன்னார்: "எதுக்கும்மா அழுவுற? வூட்டுக்குள்ளதான கீது, வெளியவா போச்சு?"

அந்த வருஷம் ஆற்றில் இறால் கொட்டியது. சித்தப்பா கூரையைப் பிரித்து மாடி வீடு கட்டினார். காவேரி பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு மயிலாப்பூர்த் தெருக்களில் கூடை சுமந்தாள். வீட்டுக்குள்ளே இருந்த அந்தப் பாட்டிலிருந்து ஒரு பிடி இறால் கூட அவள் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. இன்றைக்கு ஆறு கறுப்பாக ஓடுகிறது, வலையில் வருவது முக்கால்வாசி பிளாஸ்டிக். ஆனாலும் நைனாவின் முறை என்றைக்கு வருகிறது என்று இருபத்திரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

கோட்டையில் மூன்று நாளுக்கு ஒரு தடவை அவளுக்கு என்று ஒரு முறை வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே முகம் வேறு மாதிரி இருக்கும் என்று பக்கத்துக் கீரைக்காரி சொல்லுவாள்.

இனாயத் ஒருநாள் சொன்னான். "அக்கா, கேம்லயே ஒரு பூட்டு இருக்கு. அதைப் போட்டுட்டா, யார் முறையோ அவங்களத் தவிர வேற யாரும் பொருளைத் தொட முடியாது. போட்டுடலாமா?"

காவேரிக்குச் சுருக்கென்று வந்தது. "இன்னா இனாயத், திருடனுங்களா நாங்க? எங்க குப்பத்துல மொறைன்னா மொறைதான். பூட்டுப் போட்டா டில்லி இன்னா நெனப்பான்? வாய்வார்த்தை போதும்."

இதுதான் அவள் செய்த தப்பு. அவளை ஏமாற்றியதே வாய்வார்த்தைதான். அதே குடும்பம்தான். அப்படியும் அதையே கொண்டுபோய் நம்பினாள். பிறகு எத்தனையோ நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

புரட்டாசி மாசம். மயிலாப்பூர், மந்தைவெளி முழுக்க மீன் வாசமே ஆகாத மாசம். ஒரு புதன்கிழமை, காவேரியின் முறை. மூடியில் கரிக்கோடு ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதிர்ஷ்டம் அத்தனையும் மாட்டிக்கொண்டு கிணற்றோரம் நின்றிருந்தாள். ஒரு மணி சுமாருக்கு ஒரு அம்மாள் வந்து கொடுவா இருக்கிறதா என்று கேட்டார். புரட்டாசியில் வருகிற ஆளை விடமுடியுமா? இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டே வலது கையால் ஐஸிலிருந்து கொடுவாவை எடுத்துக் காட்டினாள். அப்போது "அக்கா, ரெடி" என்று போனுக்குள்ளிருந்து இனாயத்தின் குரல். இடது கட்டைவிரலால் ஒரே குத்து. காவல்காரன் விழுந்தான். தரையிலிருந்து நீல வெளிச்சம் ஆளுயரத்துக்கு எழுந்தது.

காவேரி போட்ட கூச்சலில் அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனார். கொடுவாவை வீசிவிட்டு வலது கையால் வெளிச்சத்தைத் தொட்டாள். ஈரக்கை. கண்ணாடி அசையவில்லை. மறுபடி தொட்டாள். புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டாள். மீன் செதில் ஒன்று கண்ணாடியில் ஒட்டியது. அதை வழித்துவிட்டுப் பார்த்தபோது வெளிச்சம் இல்லை. கீழே ஒரு வரி மட்டும் ஓடியது. டில்லிபாபு எடுத்துக்கொண்டார்.

உடனே போன் போட்டாள்.

"டேய், இன்னாடா பண்ண?"

"யக்கா, மறஞ்சிடப் போவுதுன்னு எடுத்து வெச்சேன்கா. அரை நிமிசம்தான இருக்கும் அது."

"அரை நிமிசம் ஆச்சா? பத்து எண்றதுக்குள்ள எடுத்துட்ட. குட்றா."

"குடுக்க முடியாதுக்கா. எடுத்தவன் கையோட ஒட்டிக்கும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். அது தெரிந்தே எடுத்திருக்கிறான் என்பதும் தெரியும். சாயங்காலம் டில்லியின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் நீல ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு வீரன் நின்றான். கீழே 'எல்லாம் என் உழைப்பு' என்று போட்டிருந்தான். காவேரி அதைப் பதினோரு தடவை பார்த்தாள். உழைப்பாம். வழியைக் கண்டுபிடித்தது யார்? கோடு போட்டது யார்? செம்புக்காசு பொறுக்கிக்கொண்டிருந்த பயலுக்கு உழைப்பாம்!

"விடுங்கக்கா," என்றான் இனாயத். "வழி தெரியும், இன்னும் ஆறாயிரம் அடிப்போம். இன்னொரு ஈட்டி விழும்."

"ஈட்டி விழும் இனாயத். எம் மொறைய எடுத்துக்கினு போயிட்டானே, அது எங்க விழும்?"

அவனுக்கு அது புரியவில்லை. அவள் புருஷன் சூர்யாவுக்கும் புரியவில்லை. சூர்யா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், சண்டை என்றால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போகிறவன். பஞ்சாயத்தில் வழக்கு வைக்கவேண்டும் என்று காவேரி சொன்னதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"இன்னாமே, செல்போன் ஈட்டிக்கா பஞ்சாயத்து? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மொறைய எடுத்தது தப்பா இல்லியான்னு அவங்க சொல்லணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

குப்பத்துப் பஞ்சாயத்தில் பெண்கள் பேசமுடியாது. புருஷனோ அண்ணன் தம்பியோதான் பேசவேண்டும். காவேரி மூன்று நாள் உட்காரவைத்துச் சூர்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கிணறு, காவல்காரன், கடைசி அடி, அதிர்ஷ்டத் தாயத்து. ஆட்டோவில் போகும்போதும் அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வலை பின்னுகிற கொட்டகையில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் தலைவர் கோபால், வெள்ளைச் சட்டை, மடியில் போன். எதிரில் ஆண்கள் கூட்டம். காவேரி கொட்டகைக்கு வெளியே, அடுக்கி வைத்த ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றாள். சூர்யா எழுந்ததும் வேர்த்தது.

"தலைவரே, எங்க வூட்டு ஈட்டிய டில்லி எடுத்துக்கினான்."

"ஈட்டியா? இன்னாபா சொல்ற, போலீஸ் கேசாயிடும்!"

"இல்ல தலைவரே, செல்லுக்குள்ள கீற ஈட்டி. தெனம் நாலு காவக்காரன கொல்லுவாங்க—"

"யாரு கொல்லுவாங்க?"

"காவேரிதான். அப்புறம் கெணத்துல குதிச்சிடும்."

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. ஒருத்தர் நாற்காலியிலிருந்து சரிந்தேவிட்டார். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் காவேரி பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது. சூர்யா திக்கித் திணறி, தாயத்தைக் காவல்காரன் கழுத்தில் மாட்டி, டில்லியைக் கிணற்றில் தள்ளி, ஒரு வழியாக உட்கார்ந்தான்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டில்லியைப் பார்த்தார். "நீ சொல்லுபா. அன்னிக்கு மொறை யாருது?"

"அக்கா மொறைதான் தலைவரே. யாரு இல்லன்னா? ஆனா அடிச்சது நானும் இனாயத் பாயும். அக்கா கெணத்தாண்ட சும்மா நின்னுக்கினு இருந்துச்சி. பொருளு கீழ வுழுந்தா யாரு மொதல்ல தொட்டாங்களோ அவங்களுக்குத்தான். இஷ்டத்துக்கு நா சொல்லல, கேம் சட்டமே அதான்."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கவேண்டும் என்ற அவசரம் முகத்தில் தெரிந்தது. "சரியாத்தான் சொல்றான். சும்மா நின்னவங்களுக்கு இன்னா பாத்தியதை? மொறை யாருதா இருந்தா இன்னா, மொதல்ல தொட்டவனுக்குத்தான் பொருளு. இன்னாபா, ஆமாவா?"

"ஆமா!" என்றது கூட்டம், சிரித்துக்கொண்டே.

அந்தக் குப்பத்தில் தலைவர் சொல்லிக் கூட்டம் ஆமா என்றுவிட்டால் அது கட்டுப்பாடு. அடுத்து வருகிற வழக்குக்கும் அதுதான் அளவு. எல்லோருக்கும் தெரியும். சிரிப்பில் மறந்துவிட்டார்கள்.

தலைவர் சூர்யாவின் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார். "வுடுபா. யாரு, உம் மச்சான்தான? வூட்டுக்குள்ளதான கீது, வெளியவா போச்சு?"

ஐஸ் பெட்டி ஒன்று மேலேயிருந்து விழுந்து உடைந்தது. காவேரி கொட்டகைக்குள் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி அம்மா நின்ற அதே இடம்.

"ஏய், பொம்பள பேசற எடமா இது?" என்றார் நாற்காலியில் ஒருத்தர்.

"பேசற எடம் இல்ல. சும்மா நிக்கற எடம். நின்னுக்கினே சொல்றேன், கேட்டுக்கோ." அவள் குரல் மார்க்கெட் குரல், கடல் வரைக்கும் கேட்டது. "சும்மா நின்னேனா? ஒரு அடி பட்டா சாவற ஒடம்போட, எப்ப கூப்புடுவாங்கன்னு கண்ணு இமைக்காம நிக்கறது சும்மாவா? நீங்க கடலுக்குப் போனா கரையில நிக்கறோமே, அதுவும் சும்மாதானா? நீங்க புடிச்சிக்கினு வர்ற மீனு தானா நடந்து போயி மந்தைவெளியில காசாவுதா?"

சூர்யா தரையைப் பார்த்தான்.

"தலைவரே, மொறை யாருதா இருந்தாலும் மொதல்ல தொட்டவனுக்குன்னு சொன்ன. எல்லாரும் ஆமான்னாங்க. ஞாபகம் வெச்சிக்கோ." அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை நைனாவின் முறை வந்தது. குப்பத்துக் கணக்கில் அது சித்தப்பாவின் இரண்டாவது பாடு. சித்தப்பாவுக்கு முட்டி போய்விட்டதால் டில்லிதான் வலை கட்டுவான். காவேரி அவனைக் கணக்கெடுத்து வைத்திருந்தாள், காவல்காரனைக் கணக்கெடுத்த மாதிரியே. ஆறேகாலுக்கு நீர் கடல் பக்கம் வற்ற ஆரம்பிக்கும், அந்த ஓட்டத்தில்தான் வலையில் இறால் விழும். டில்லி டீ குடித்துவிட்டு வர ஏழாகும். அவள் காசிமேட்டில் வாங்கிய வலையைச் சூர்யாவின் ஆட்டோவில் போட்டுக்கொண்டு, பொழுது வெளுத்ததும் முகத்துவாரத்துக்கு வந்தாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நாற்றத்துக்கு வாயால் மூச்சு விட்டாள். கால் சேற்றில் முழங்கால் வரை புதைந்தது. சூர்யா கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிச்சு எப்படிப் போடுவது என்று கைக்கு ஞாபகம் இருந்தது. நாலு கம்பிலும் கட்டி முடித்துவிட்டு, வலையின் வாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

டில்லி ஏழு மணிக்கு வந்தான். தோளிலிருந்த வலையை அப்படியே கீழே போட்டான்.

"யக்கா! இன்னாக்கா இது? இது எங்க மொறை!"

"உங்க மொறைதான்டா. யாரு இல்லன்னா?"

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கரையில் இருபது முப்பது பேர். தலைவர் பல் விளக்கின வாயைக் கூடத் துடைக்காமல் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா? அடுத்தவன் பாட்டுல வலை கட்டினா இன்னா ஆவும்னு தெரியாதா? ஏறி வா வெளிய!"

"மொதல்ல யாரு தொட்டது தலைவரே?"

"இன்னாது?"

"இந்தக் கம்ப இன்னிக்கு மொதல்ல தொட்டது யாரு? நா தொட்டேன். மொறை யாருதா இருந்தா இன்னா? ஞாயித்துக்கெழம நீதான் சொன்ன."

"அது வெளையாட்டு! இது குப்பம்!"

"வெளையாட்டுன்னா வெளையாட்டுன்னு அன்னிக்கே தள்ளியிருக்கணும். நாக்காலி போட்டு உக்காந்துக்கினு தீர்ப்பு சொன்ன. இவங்கள்லாம் ஆமான்னாங்க. இன்னாபா, சொன்னிங்களா இல்லியா?"

கரையில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நாளைக்கு எம் பாட்டுல எவன் வேணா வந்து கட்டுவானா தலைவரே?" அவர் கேட்டதும் இன்னும் நாலு பேர் கேட்டார்கள். நாற்பத்திரண்டு குடும்பத்து முறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பில் கழன்றுபோயிருப்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தலைவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"மொறை மொறைதான். தொட்டவனுக்குக் கெடையாது," என்றார் கடைசியில்.

"அப்ப டில்லி பண்ணது?"

"...தப்பு."

"கேக்கல. தண்ணி சத்தம்."

"தப்பும்மா! டில்லி பண்ணது தப்பு! போதுமா? ஏறி வா."

டில்லி தலையைக் குனிந்துகொண்டான். காவேரி ஞாயிற்றுக்கிழமை கேட்க வந்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஈட்டி போனால் போகிறது என்று வீட்டுக்குப் போயிருப்பாள். இப்போது அது போதவில்லை. இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, வலையில் வந்து மோதுகிற பாலிதீன் பைகளைப் பார்த்தாள். அவற்றுக்கு நடுவே நாலைந்து இறால் துள்ளின. இருபத்திரண்டு வருஷமாக உள்ளே கிடந்த கோபம் இப்போது வாய்க்கு வந்தது.

"சரி தலைவரே. மொறை மொறைதான்னு நீயே சொல்லிட்ட. ஏகாம்பரம் மொறை எங்க?"

வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று சொல்ல இந்தத் தடவை யாருக்கும் நாக்கு எழவில்லை.

"யோசிச்சிச் சொல்லு. அவசரம் இல்ல. நீ சொல்ற வரிக்கும் வலை இங்கதான் கீது, நானும் இங்கதான் கீறேன்."

நீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. டில்லி தன் வலையைத் தூக்கித் தோளில் போட்டான், இறக்கினான், மறுபடி தூக்கினான். "யக்கா, தண்ணி போவுதுக்கா. நா எப்ப கட்றது?"

காவேரி அவன் பக்கம் திரும்பினாள்.

"அங்கயே நில்லு. சும்மா நிக்கறது எப்படி கீதுன்னு பாரு."

அவன் நின்றான்.